எழுந்திரிக்காத கூட்டம்

கருத்தக்கண்ணனுக்குத் தெரிந்த தொழில் ஒன்றே ஒன்றுதான். ஆள் சேர்ப்பது. மதுரையைச் சுற்றி எந்தக் கட்சி எந்தப் பொட்டலில் மேடை போட்டாலும், மேடைக்கு முன்னால் மண் தெரியாமல் தலைகளாக நிரப்பிக் கொடுப்பது அவர் பொறுப்பு. கொள்கை, கொடி, சின்னம் எதிலும் அவர் ஓரவஞ்சனை பார்த்ததில்லை. சமயநல்லூரிலிருந்து அவர் லாரியில் ஏற்றி வரும் ஆட்கள், போன வாரம் எந்தத் தலைவருக்கு வாழ்க சொன்னார்களோ அந்தத் தலைவருக்கே இந்த வாரம் ஒழிக சொல்வார்கள். இரண்டையும் ஒரே சுருதியில் சொல்வார்கள். அப்படிப் பழக்கி வைத்திருந்தார்.

"கூட்டத்த எவன் வேணாலும் கூட்டிப்புடலாம் மாப்ள. சொன்ன நேரத்துக்கு உக்கார வைக்கணும், சொன்ன நேரத்துக்குக் கெளப்பணும். அதுக்குத்தான் கருத்தக்கண்ணன் வேணுங்கிறது" என்று டீக்கடையில் பெருமை அடிப்பார். பெருமையில் பொய் இல்லை. அவர் விரலைச் சொடுக்கினால் கூட்டம் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு லாரியைப் பார்த்து நடக்கும்.

ஆனால் அந்தத் தொழிலுக்குத் தேர்தல் வந்தால்தான் மழை. மற்ற மாதங்களில் குடும்பத்தைத் தாங்கியது அவர் மனைவி ராக்கம்மாளின் இட்லிப் பானைதான். பழங்காநத்தத்தில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு திறந்தவெளிப் படிக்கட்டு உண்டு. அங்கேதான் அவள் தினமும் சாயங்காலம் கடை போடுவாள். அந்த இடத்துக்குக் கார்ப்பரேஷன் ஏதோ நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தது. ஊர் வைத்த பெயர் மொட்டைப்படி. படிகள் ஏறிப் போய் எந்தக் கட்டடத்தையும் சேரவில்லை என்பதால் மொட்டை.

அதைக் கட்டிய சௌரிராஜன் மதுரைக்காரர். நெசவு வீட்டுப் பிள்ளையாகப் பிறந்து, கட்டடக்கலை படித்து, வெளிநாட்டுக் கல்லூரிகள் எல்லாம் அழைத்துப் பேசச் சொன்ன பெரிய மனிதர். "ஒரு ஊர் நல்ல ஊரா என்று தெரிந்துகொள்ள அதன் கோபுரத்தைப் பார்க்காதே. ஒரு பிள்ளைத்தாச்சி யாரையும் கேட்காமல், காசும் கொடுக்காமல் அங்கே எங்கே உட்கார முடியும் என்று பார்" என்பது அவர் வாக்கு. எழுபத்தொன்றாம் வருஷம், குப்பை கொட்டிக் கிடந்த அந்த இடத்தில் ஏதாவது செய்து தரச் சொல்லி அவரைக் கேட்டார்கள். மனிதர் வந்தார். புங்க மரத்தடியில் உட்கார்ந்தார். அந்தக் கோடை முழுக்க உட்கார்ந்தே இருந்தார்.

ஊர் முதலில் அவரை சிஐடி என்றது. பிறகு பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறார் என்றது. கடைசியில், பாவம், படிப்பு மூளைக்கு ஏறிவிட்டது என்று முடிவு செய்து அவரை மறந்தே போனது. அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. எவன் எங்கே வெயிலுக்கு ஒதுங்குகிறான், எவள் எங்கே நின்று யாரோடு பேசுகிறாள் என்று பார்த்து முடித்த பிறகு, வளைந்து வளைந்து சில படிகளும் ஒரு சுவரும் கட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று கிளம்பிவிட்டார்.

பழங்காநத்தம் திகைத்துப் போனது. "இம்புட்டு நாளு உக்காந்து ரோசிச்சு, படியக் கட்டிப்புட்டு வீட்டக் கட்ட மறந்துட்டாரேப்பா!" என்று சிரித்தார்கள். மீதிக் கட்டடம் எப்போது வரும் என்று கொஞ்ச காலம் காத்துக்கூட இருந்தார்கள். காத்திருக்க உட்கார்ந்தவர்கள் அப்படியே உட்கார்ந்து பழகிவிட்டார்கள். சுவரின் உயரம் சரியாகச் சுமைதாங்கிக் கல்லின் உயரம். தலைச்சுமையோடு வரும் பொம்பளை, யாரையும் கை பிடிக்கச் சொல்லாமல் தானே சுமையை இறக்கி வைக்கலாம். ராக்கம்மாள் தன் பானையை அங்கேதான் இறக்கினாள். அப்புறம் அங்கிருந்து நகரவில்லை.

பெரிய மனிதர் செத்துச் சில வருஷம் ஆனது. எண்பத்து மூன்றில் கார்ப்பரேஷனுக்கு அந்த இடத்தில் மூன்று மாடி வணிக வளாகம் கட்டலாம் என்று ஆசை வந்தது. சௌரிராஜனிடம் படித்தவர்கள் எதிர்த்து மனுப் போட்டார்கள். கமிஷனர் நியாயமான மனிதர். "அவரோட மாணவி ராதாமணி மெட்ராஸ்ல இருக்காங்களே, அவங்களே வந்து பார்க்கட்டும். ஜனங்க புழங்குற இடம்னு அவங்க சொன்னா விட்டுடறேன். இல்லேன்னா கட்டிடறேன்" என்றார். குருவின் பெயருக்காகப் பொய் எழுதுகிற ஆள் இல்லை ராதாமணி என்பது அவருக்குத் தெரியும்.

ராதாமணி வந்து இறங்கினார். கார்ப்பரேஷன் ஜீப், கையில் அளவு நாடா, சாக்பீஸ், அட்டையில் செருகிய காகிதம். இதை எல்லாம் பார்த்தால் பழங்காநத்தத்துக்கு என்ன தோன்றும்? ஆக்கிரமிப்பு அகற்ற வந்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். கண் மூடித் திறப்பதற்குள் பூக்கூடை மறைந்தது, செருப்புத் தைப்பவரின் சாக்கு மறைந்தது, ராக்கம்மாளின் அடுப்பு புகையோடு மறைந்தது. எதுவுமே விற்காமல் வெறுமனே உட்கார்ந்திருந்தவர்கள்கூட எழுந்து ஓடினார்கள். உட்கார்ந்ததற்கு என்ன வரி போடுவார்களோ, யார் கண்டது?

ராதாமணி விளக்கு வைக்கும் வரை காத்திருந்தார். ஒரு ஆடு வந்தது. சுவரில் ஒட்டியிருந்த சினிமா போஸ்டரைப் பாதி தின்றது. மீதி பிடிக்காமல் போய்விட்டது.

அவரோடு வந்த கார்ப்பரேஷன் ஓவர்சியர் ஹரிராம் பழங்காநத்தத்தில்தான் குடியிருந்தார். ராக்கம்மாளின் கார சட்னிக்கு அடிமை. மறுநாள் அவள் வீட்டுக்கே வந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? அந்தம்மா வந்ததே இந்த எடத்தக் காப்பாத்தத்தான். ஒரு ஆடு தவிர யாரும் வரலைன்னு பார்த்துட்டுப் போயிருக்காங்க. வர்ற சனிக்கிழமை சாயங்காலம் இன்னொரு தடவை வர்றாங்க. அன்னிக்கும் ஆடுதான் வந்துச்சுன்னா காம்ப்ளக்ஸ்தான்."

காம்ப்ளக்ஸில் கடை எடுக்க ராக்கம்மாளால் ஏழு ஜென்மத்துக்கும் ஆகாது. பூக்காரி, செருப்புத் தைப்பவர், தினம் வந்து உட்காருகிறவர்கள் என்று எல்லோர் வீட்டுக்கும் ஓடினாள். சனிக்கிழமை வந்து உட்காருங்கள் என்று கெஞ்சினாள். ஒருவரும் நம்பவில்லை. "தனித்தனியாப் புடிக்க முடியலைன்னு கூட்டமா வச்சு அமுக்கப் பாக்குறாய்ங்க. நீ போயி மாட்டாத தாயி" என்று அவளுக்கே புத்தி சொல்லி அனுப்பினார்கள்.

சாதாரண நாட்களில் அவள் புருஷனை 'ஏங்க' என்பாள். அன்றைக்கு வீட்டுக்குள் நுழைந்ததுமே, "யோவ்!" என்றாள்.

கருத்தக்கண்ணன் எழுந்து உட்கார்ந்தார்.

"ஊர்ல இருக்கிற அம்புட்டுப் பயலுகளுக்கும் கூட்டம் சேத்துக் குடுக்குறீரே. எனக்கு ஒரு கூட்டம் சேத்துக் குடும். சனிக்கிழமை மொட்டப்படில உக்காரணும். இல்லாட்டி ஞாயித்துக்கெழமையிலேர்ந்து நீரே ஒலை வையும்."

கருத்தக்கண்ணனுக்குச் சனிக்கிழமைதான் சிக்கல். அன்று ராத்திரி ஏழு மணிக்கு ஒத்தக்கடையில் பெரிய கூட்டம். தலைவர் வருகிறார். ஏற்பாடு செய்பவர் காளையண்ணன். அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு மீறியவன் இந்த ஜில்லாவில் அப்புறம் கல்யாணத்துக்குக்கூடக் கூட்டம் சேர்க்க முடியாது. ஆனாலும் மூன்று மணிக்கு இங்கே இறக்கி, ஆறு மணிக்கு ஏற்றி, ஏழு மணிக்கு அங்கே கொட்டிவிட்டால்? ஒரே லாரி, ஒரே ஆட்கள், இரண்டு வேலை. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

ஒரு விஷயத்தை மட்டும் ராக்கம்மாளிடம் சொன்னார், வேறு யாரிடமும் சொல்லவில்லை. ஒத்தக்கடையில் கூட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் ஆட்டுக்கறி பிரியாணி. "முன்னாடியே சொல்லிட்டா, அவய்ங்க மேடையப் பாக்க மாட்டாய்ங்க. அண்டாவத்தான் பாப்பாய்ங்க" என்றார். அனுபவம் அப்படி.

சனிக்கிழமை லாரி வந்தது. சமயநல்லூர்க்காரர்கள் இறங்கினார்கள். இறங்கிய வேகத்திலேயே ஆம்பளைகள் வலது பக்கம், பொம்பளைகள் இடது பக்கம், நடுவில் தலைவர் நடந்து வர வழி, என்று வரிசை வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். படி எல்லாம் காலியாகக் கிடந்தது. அதற்கு எதிரே தரையில் உட்கார்ந்து, படியை மேடை என்று நினைத்து எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏலேய், படியில ஏறி உக்காருங்கப்பா!"

"மேடையில நாங்க எப்புடிண்ணே உக்கார்றது?" என்றான் சோணை. கூட்டத்தில் முதல் வரிசைக்கு நேர்ந்துவிட்ட ஆள் அவன். "அது இருக்கட்டும், யாரு பேசுறா?"

"யாரும் பேசல."

"கை தட்டணுமே. யாருக்குத் தட்ட?"

"யாருக்கும் தட்ட வேணாம்."

"அப்ப எதுக்குண்ணே உக்காரணும்?"

"சும்மா."

சோணை திரும்பிப் பின்னால் இருந்தவர்களைப் பார்த்தான். பின்னால் இருந்தவர்கள் அதற்கும் பின்னால் இருந்தவர்களைப் பார்த்தார்கள். சும்மா உட்கார்வதற்குக் கூலி கொடுத்து லாரியும் வைக்கிற கட்சி எது என்று யாருக்கும் பிடிபடவில்லை. ஆட்சிக்கு வந்தால் நல்லது என்று மட்டும் தோன்றியது.

கருத்தக்கண்ணன் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இழுத்துப் படிகளில் பரத்தினார். "நீ இங்கிட்டு. நீ அங்கிட்டு. ஆத்தா சீனியம்மா, நீங்க இந்தப் பொம்பளைகளோட ஏதாச்சும் பேசிச் சிரிங்க. சோணை, நீயும் சிவனாண்டியும் எதுத்தாப்புல உக்காந்து சிநேகிதக்காரன் மாதிரிப் பேசிக்கிட்டு இருங்க. இயற்கையா இருக்கணும், தெரிஞ்சதா?"

சோணையும் சிவனாண்டியும் பக்கத்துப் பக்கத்து வீடு. வேலியோரத்து முருங்கை மரம் ஒன்றுக்காக வருஷக்கணக்காகப் பேச்சு வார்த்தை இல்லாதவர்கள். லாரியில்கூட ஆளுக்கொரு மூலை. இது கருத்தக்கண்ணனுக்குத் தெரியாது. அவர் தலைகளைத்தான் பார்த்துப் பழகியவர். தலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க அவருக்கு என்றைக்கு நேரம் இருந்தது?

ஜீப் வந்து நின்றது. ராதாமணி காலைக் கீழே வைத்தார். அவ்வளவுதான், பழக்கம் முந்திக்கொண்டது. மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கை தட்டியது. பொம்பளைகள் குலவை போட்டார்கள். யாரோ ஒருவன் பின்னாலிருந்து "அன்னையே!" என்று எடுத்துக் கொடுத்தான். "வருக!" என்று அத்தனை பேரும் முடித்தார்கள்.

கருத்தக்கண்ணன் புங்க மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். ராக்கம்மாள் கரண்டியால் தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

ராதாமணி ஹரிராமிடம், இருவருக்கும் வீட்டுப் பாஷையான சௌராஷ்டிர மொழியில் ஏதோ கேட்டார். ஹரிராம் அதே மொழியில் எச்சில் விழுங்கி விழுங்கிப் பதில் சொன்னார். அந்தப் பாஷை கருத்தக்கண்ணனுக்குத் தெரியாது. ஆனால் திட்டு எந்தப் பாஷையில் இருந்தாலும் திட்டு மாதிரிதான் இருக்கும். காகிதம் செருகிய அட்டையை அந்தம்மா படீரென்று மூடுவதையும் பார்த்தார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்துவிட்டது என்று அவருக்கு உறைத்தது.

கோபம் வந்தாலும் ராதாமணி கிளம்பவில்லை. அவர் குரு ஒரு கட்டளை போட்டிருந்தார். "முதல் ஒரு மணி நேரம் ஜனங்கள் உன்னைப் பார்ப்பார்கள். அதில் கண்டதை எழுதாதே. அவர்கள் உன்னை மறந்த பிறகு தொடங்கு." ஆகவே வேண்டா வெறுப்பாகப் படியின் ஒரு மூலையில் போய் உட்கார்ந்தார். கூட்டம் அவரையே பார்த்தது. அவர் கூட்டத்தைப் பார்த்தார். பெண் பார்க்க வந்த வீடு மாதிரி இருந்தது.

சௌரிராஜன் அந்தப் படிகளை நேராகக் கட்டவில்லை, வளைத்துக் கட்டியிருந்தார். எதிர்ப்படியில் இருப்பவன் முகம் வேண்டாம் என்றாலும் கண்ணில் படும். சோணை வானத்தைப் பார்த்தான். புங்க மரத்தைப் பார்த்தான். தன் கால் நகத்தைப் பார்த்தான். கழுத்து வலித்தது. கடைசியில் வேறு வழியில்லாமல் சிவனாண்டியைப் பார்த்தான்.

"பேசச் சொல்லியிருக்காரு" என்றான், முறைத்துக்கொண்டே.

"பேசு."

"என்னத்தப் பேச?"

"முருங்கக்கா நல்லாக் காய்ச்சிருக்காமே இந்த வருசம். அதப் பத்திப் பேசு" என்றான் சிவனாண்டி.

அவ்வளவுதான். வருஷக்கணக்கில் அடைத்து வைத்த மதகு உடைந்தது. கிளை என் கூரை மேல் என்றான் இவன். மரம் என் வேலிக்குள் என்றான் அவன். வெட்டியிருக்கலாமே என்றான் இவன். கட்டின பொண்டாட்டி மாதிரி வளர்த்த மரத்தை வெட்டவா என்றான் அவன். அப்படியானால் பொண்டாட்டியை ஏன் என் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்க விட்டாய் என்றான் இவன். கூட்டம் ஓவென்று சிரித்தது. யாரும் சொல்லிக்கொடுத்த சிரிப்பு அல்ல.

நாலு பேர் சோணை பக்கம் சேர்ந்தார்கள். நாலு பேர் சிவனாண்டி பக்கம் போய் உட்கார்ந்தார்கள். சரியாகக் காது கேட்காதவர்கள் கீழ்ப் படிக்கு இறங்கி வந்தார்கள். ரத்தம் வந்தால் பார்க்க மாட்டோம் என்ற சாதுக்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். பொம்பளைகள் ஆளுக்கு ஒரு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, மேல் படியில் சாய்ந்து உட்கார்ந்து, முருங்கை மரத்தின் உள்கதையைப் பேச ஆரம்பித்தார்கள். அது ஆம்பளைகளுக்குத் தெரியாத கதை.

ஓசியில் ஒரு சண்டை நடக்கும்போது மதுரைக்காரன் வீட்டுக்குள் எப்படி இருப்பான்? சந்துக்குள் இருந்து முதலில் பூக்காரி அன்னக்கொடி எட்டிப் பார்த்தாள். அப்புறம் செருப்புத் தைப்பவர். அப்புறம் பஸ்ஸுக்கு நின்றவர்கள். வரியாவது ஆக்கிரமிப்பாவது, முருங்கை மரம் யாருக்கு என்று தெரியாமல் ராத்திரி தூக்கம் வருமா? பழங்காநத்தமே வந்து தன் வழக்கமான இடங்களில் உட்கார்ந்துவிட்டது. வழக்கு ரொம்பச் சிக்கலானதால், கட்சி சேராத வெளியூர்க்காரர் என்ற முறையில் பழங்காநத்தமே தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று சமயநல்லூர் கேட்டுக்கொண்டது. பழங்காநத்தம் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டது.

ராக்கம்மாளுக்கு மூச்சு விட நேரமில்லை. கத்துகிறவனுக்குப் பசிக்கும், கேட்கிறவனுக்கும் பசிக்கும். மூன்றாவது ஈடு எடுத்து வைத்ததுமே காணாமல் போனது.

"நீங்க சொல்லுங்கம்மா, நாலு எழுத்துப் படிச்சவுக" என்று சீனியம்மாள் ராதாமணியை இழுத்தாள். "மரம் ஒருத்தன் நெலத்துல நிக்கிது. காயி இன்னொருத்தன் வாசல்ல விழுகுது. குழம்பு யாரு வைக்கணும்?"

ராதாமணி தன் வேலை பார்ப்பது மட்டுமே என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் கேள்வி நன்றாக இருந்தது. "விழுந்த காயா, பறிச்ச காயா?" என்று கேட்டுவிட்டார். அப்புறம் அவரும் மீளவில்லை. அட்டை எங்கோ படியில் கிடந்தது. அதன் மேல் யாரோ ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது.

ஆறு மணிக்கு லாரி வந்து ஹாரன் அடித்தது.

கருத்தக்கண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேல் படிக்குப் போனார். விரலைச் சொடுக்கினார். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. இன்னொரு தடவை, ரெண்டு கையாலும் சொடுக்கினார். முன்னால் இருந்த ஒருவன், "ச்சு, சத்தம் போடாதீங்கண்ணே, சாட்சி பேசிக்கிட்டிருக்கு" என்றான்.

இத்தனை வருஷத் தொழிலில் அவர் சொடுக்கி எழாத கூட்டம் இதுதான். ஓடிப்போய் சோணையின் தோளைப் பிடித்து உலுக்கினார். "டேய், ஒத்தக்கடைக்கு நேரமாச்சு. தலைவரு வந்துருவாரு. எந்திரிங்கடா!"

"இருண்ணே, வாரோம். தலைவரு எங்க போறாரு, அவரு எப்பவும்தான் லேட்டா வாராரு."

"கூலி?"

"கூலி கெடக்கட்டும்ணே. இது மானப் பிரச்னை."

லாரி டிரைவர் சோலை இறங்கி வந்தான். "அண்ணே, இப்ப எடுத்தாத்தான் ஏழுக்குப் போகலாம். காளையண்ணன் தோலை உரிச்சுப்புடுவாரு."

கருத்தக்கண்ணனுக்கு அது தெரியாதா? அவரிடம் இன்னும் ஒரே ஒரு ஆயுதம் மிச்சம் இருந்தது. ஒரு வார்த்தை. பிரியாணி. மேல் படியில் நின்று அந்த ஒரு வார்த்தையை உரக்கச் சொன்னால் போதும், முருங்கை மரம், மானம், சாட்சி எல்லாம் பறந்துபோகும். அவர் ஏறுவதற்குள் லாரி நிரம்பிவிடும். வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

அப்போது ராக்கம்மாள் அவரைப் பார்த்தாள். அந்த வார்த்தை அவளுக்கும் தெரியும். ஒரு கையில் இட்லித் தட்டு, இன்னொரு கையில் கரண்டி, முகமெல்லாம் ஆவி. அவள் திட்டவில்லை, கெஞ்சவில்லை, வேண்டாம் என்று தலைகூட ஆட்டவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயைத் திறக்காமல் இருந்தது அந்த ஒரு நிமிஷம்தான். புருஷனுடைய பிழைப்பும் பிழைப்புதானே என்று நினைத்தாளோ என்னவோ. அவளுக்குப் பக்கத்தில் விறகுக் கட்டோடு வந்த யாரோ ஒருத்தி, யாரையும் கூப்பிடாமல், சுமையைச் சுவரில் இறக்கி வைத்துவிட்டு அப்பாடா என்று கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

கருத்தக்கண்ணன் கண்ணால் அந்தக் கூட்டத்தை ஒரு தடவை அளந்தார். வரிசை இல்லை. ஒருவன் கிழக்கே பார்த்தான், ஒருவன் மேற்கே பார்த்தான், ஒருவன் படுத்தே விட்டான். அவர் சேர்த்த கூட்டங்களிலேயே இவ்வளவு மோசமாக உட்கார்ந்த கூட்டம் கிடையாது. ஆனால் ஒருவன்கூட எப்போது முடியும் என்று பார்க்கவில்லை. அவர் சேர்த்த கூட்டங்களில் அதுவும் என்றைக்கும் நடந்ததில்லை. அவருக்கு என்னவோ செய்தது.

வாயை மூடிக்கொண்டார். பிரியாணியை அப்படியே விழுங்கிவிட்டார்.

"சோலை, வண்டிய எடு" என்றார்.

"ஆளுகண்ணே?"

"நான் வாரேன்ல. நான் ஆளு இல்லையா?"

லாரியில் ஏறப் போனவரை ராதாமணி வந்து நிறுத்தினார். கூடவே ஹரிராம், வாயில் இட்லியோடு.

"நீங்கதானே இவங்களைக் கூட்டிட்டு வந்தது?"

பொய் சொல்ல அவருக்குத் தெம்பில்லை. "ஆமாம்மா. தப்புத்தேன்."

"ஏன் திரும்பக் கூட்டிட்டுப் போகலை?"

"வரமாட்டேங்குறாய்ங்கம்மா."

ராதாமணி சிரித்துவிட்டார். கண் கலங்கவும் செய்தது. "எங்க சார் இதைத்தான் சொல்லிட்டே இருப்பார். எத்தனை பேர் வந்தாங்கன்னு பார்க்காதே, எத்தனை பேர் போக மறந்தாங்கன்னு பாருன்னு. வரவழைக்கிறதுக்கு லாரி போதும். போக விடாம வச்சிருக்கிறதுக்கு அவர் கட்டின படி வேணும். காம்ப்ளக்ஸுக்கு வேற இடம் பார்க்கச் சொல்லி நாளைக்கே எழுதிக் குடுத்துடறேன். போயிட்டு வாங்க."

கருத்தக்கண்ணன் கும்பிட்டார். ராக்கம்மாள் ஓடிவந்து ஒரு இலைப் பொட்டலத்தை அவர் கையில் திணித்தாள். "ஏங்க, பசியோட திட்டு வாங்காதீங்க" என்றாள். அவள் 'ஏங்க' என்றதைக் கேட்டு அவருக்குப் பாதிக் கவலை போய்விட்டது.

லாரியின் பின்பக்கம் தனியாக நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, மதுரையைக் குறுக்கே கடந்து போனார். வழியில் பார்த்தவர்கள் ஏதோ தலைவர் போகிறார் என்று நினைத்துக் கையை ஆட்டினார்கள். அவரும் ஆட்டி வைத்தார்.

ஒத்தக்கடைப் பொட்டலில் டியூப் லைட் எரிந்தது. பிரியாணி வாசனை மேலூர் ரோடு வரைக்கும் வந்தது. மேடை வழிந்தது. கட்சிக்காரர்கள் அத்தனை பேரும் மேடை மேலேதான் இருந்தார்கள். மேடைக்குக் கீழே துண்டுதுணுக்காகச் சில ஆட்களும் நாய்களும் தவிர ஒன்றுமில்லை. லாரியைக் கண்டதும் மேளக்காரர்கள் அடிக்க ஆரம்பித்தார்கள். லாரியிலிருந்து ஒரே ஒரு ஆள் இறங்குவதைப் பார்த்து ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

"கூட்டம் எங்கய்யா?" என்றார் காளையண்ணன்.

டயர் வெடித்துவிட்டது, போலீஸ் மறித்தது என்று வழிநெடுக நாலைந்து பொய் தயார் செய்து வைத்திருந்தார் கருத்தக்கண்ணன். எதுவும் வாயில் வரவில்லை. "பழங்காநத்தத்துல உக்காந்திருக்காய்ங்கண்ணே."

"அங்க எந்தக் கட்சி மீட்டிங்?"

"கட்சி இல்லண்ணே."

"யாரு பேசுறா?"

"எல்லாரும் பேசுறாய்ங்க."

"எம்புட்டுக் குடுக்குறாய்ங்க?"

"ஒண்ணுமே குடுக்கலண்ணே. அவய்ங்கதான் காசு குடுத்து இட்லி வாங்கித் திங்கிறாய்ங்க."

காளையண்ணனுக்கு அரசியலில் நீண்ட அனுபவம். எத்தனையோ துரோகத்தைப் பார்த்தவர். இந்த மாதிரி ஒரு துரோகத்தை அவர் கேள்விப்பட்டதே இல்லை. "இனிமே இந்த ஜில்லாவுல ஒரு மேடை உனக்குக் கெடையாது, போ!" என்றார். கருத்தக்கண்ணன் போகவில்லை. வாக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். முடிந்ததையாவது கொண்டுவந்து சேர்க்க வேண்டும் அல்லவா? நேராக நடந்து போய், மேடைக்கு எதிரே முதல் வரிசையில், மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எத்தனையோ ஆயிரம் பேரை உட்கார வைத்தவர், ஒரு கூட்டத்தில் தான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். கால்கள் சொகுசாக இருந்தன. மடியில் இட்லிப் பொட்டலம் இன்னும் சுட்டது.

தலைவர் வந்துவிட்டார். மைக்கைப் பிடித்தார். மனப்பாடம் செய்திருந்த பேச்சு என்பதால் எதிரே என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை.

"கடலெனத் திரண்டிருக்கும் என் அருமைப் பொதுமக்களே!" என்றார்.

கருத்தக்கண்ணன், உள்ளங்கை சிவக்கச் சிவக்க, மனசார, நிறுத்தாமல் கை தட்டினார்.